பீருக்கு ஒரு லாக்டோமீட்டர்

முதல்லயே டிஸ்கியைப் போட்டுடறேன். இது யாரையும் குடிக்கச் சொல்ற பதிவு இல்லை. குடிக்காதவங்க இதைப் படிச்சுட்டு ஆரம்பிக்க வேண்டாம், குடிக்கிறவங்க இதை ஒரு சாக்கா எடுத்துக்கவும் வேண்டாம். நான் இருக்கிறது இங்கிலாந்துல, லீட்ஸ் நகரத்துல. இங்கே சொந்த உபயோகத்துக்கு வீட்டுல பீர் செய்ய 1963-லிருந்து லைசென்ஸ் தேவையில்லை. விக்கத்தான் கூடாது. நம்ம தமிழ்நாட்டுல 1937-ஆம் வருஷத்து மதுவிலக்குச் சட்டம் இன்னும் உயிரோட இருக்கு. டாஸ்மாக்ல வரிசைல நின்னு வாங்கலாம். ஆனா மொட்டை மாடியில வாளி வெச்சு ஊற வெச்சா நேரா மாமியார் வீடுதான். அதனால அங்கே யாரும் முயற்சி பண்ணாதீங்க மக்களே.

சரி, மேட்டருக்கு வருவோம்.

வீட்டுல பீர் செய்யறேன்னு சொன்னா நண்பர்கள் கேக்கற முதல் கேள்வி "நல்லா இருக்குமா?" இல்லை. "எத்தனை பர்சென்ட்?" என்பதுதான். கடை பாட்டில்ல லேபிள் இருக்கு, பார்த்துக்கலாம். என் பாட்டில்ல நான்தான் லேபிள். குடிச்சுட்டு ரயில் ஏறப் போறாரா, காரை எடுக்கப் போறாரா, நாளைக்குக் காலைல ஆறு மணிக்கு வேலைக்குப் போகணுமா, எதுவா இருந்தாலும் அந்த எண்ணை நான் சரியா சொல்லியாகணும். "சும்மா லைட்டாதான் இருக்கும்"னு சொல்லி ஊத்திக் கொடுக்கறது நாகரிகம் இல்லை. அந்த எண்ணைச் சொல்றதுக்கு என்கிட்ட இருக்கிறது ஒரு ஜாண் நீளக் கண்ணாடிக் குழாய். அடியில குண்டு, மேல மெல்லிய தண்டு, தண்டுக்குள்ள கோடு போட்ட ஒரு காகிதம். பேரு ஹைட்ரோமீட்டர்.

பேரைக் கேட்டு பயப்பட வேண்டாம். இதை நீங்க ஏற்கெனவே பார்த்திருக்கீங்க. பால் சொசைட்டியில பாலுக்குள்ள போடுவாங்களே லாக்டோமீட்டர், அது இதேதான். பேட்டரிக் கடையில ஒரு ரப்பர் பல்பை அமுக்கி ஆசிட்டை உறிஞ்சிப் பார்ப்பாங்களே, அந்தக் குழாய்க்குள்ள மிதக்கிறதும் இதேதான். தூத்துக்குடி, வேதாரண்யம் உப்பளங்கள்ல உப்பு நீர் எத்தனை 'டிகிரி' வந்திருக்குன்னு பார்ப்பாங்க. கடல் தண்ணி மூணு டிகிரி பக்கம் இருக்கும். வெயில்ல காஞ்சு காஞ்சு 25 டிகிரி தாண்டினா உப்பு பூக்க ஆரம்பிக்கும். அதைப் பார்க்கிற கருவியும் இந்தக் கண்ணாடிதான், கோடுகள் மட்டும் வேற. கத்துக்க வேண்டிய விதி ஒண்ணே ஒண்ணு: திரவம் கெட்டியா இருந்தா கண்ணாடி உயர மிதக்கும், லேசா இருந்தா உள்ளே இறங்கும். ஆர்க்கிமிடீஸ் தாத்தா சொன்னதுதான். பச்சைத் தண்ணியில 1.000 கோடு வரை இறங்கும்.

இப்போ பீருக்கு. நான் வழக்கமா செய்யற கணக்கு இது. நாலரை கிலோ பார்லி மால்ட். அதாவது முளைக்க வெச்சு, காயவெச்சு, குருணையா உடைச்ச பார்லி. நம்ம வீட்டுல கேழ்வரகு முளைகட்டிக் காயவைக்கிற மாதிரியேதான். அதை 66 டிகிரி செல்சியஸ் வெந்நீர்ல ஒரு மணி நேரம் ஊறவெச்சா பார்லியில இருக்கிற மாவுச்சத்து சர்க்கரையா மாறிடும். வடிகட்டி, ஹாப்ஸ் என்கிற கசப்புப் பூவைப் போட்டு ஒரு மணி நேரம் கொதிக்க வெச்சு, 20 டிகிரிக்கு ஆறவெச்சா 23 லிட்டர் இனிப்புக் கஷாயம் கிடைக்கும். வோர்ட்னு பேரு. ஈஸ்ட் போடறதுக்கு முன்னாடி அதுல கொஞ்சம் எடுத்து நீளமான ஜாடியில ஊத்தி ஹைட்ரோமீட்டரை இறக்கினா 1.044-னு காட்டும். இதுதான் முதல் அளவு. ஓ.ஜி.ன்னு சொல்வாங்க. அந்த 23 லிட்டர்ல சுமார் 2.6 கிலோ சர்க்கரை வகையறா கரைஞ்சிருக்குன்னு இதுக்கு அர்த்தம்.

அப்புறம் ஈஸ்ட் போட்டு மூடி வெச்சுடுவேன். மூடியில ஏர்லாக்னு ஒரு சின்னக் குழாய் இருக்கும். உள்ளே உண்டாகற காத்து வெளிய போகும், வெளிக்காத்து உள்ளே வராது. ரெண்டு வாரம் 'புளுக்... புளுக்...'னு சத்தம் கேக்கும். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்னுட்டு ஏறக்குறைய சரிபாதி ஆல்கஹாலாகவும் சரிபாதி கரியமில வாயுவாகவும் மாத்துது. ரெண்டு வாரம் கழிச்சு மறுபடி அளந்தா 1.010. இது கடைசி அளவு, எஃப்.ஜி.

இப்போ கணக்கு: 1.044-ல இருந்து 1.010-ஐக் கழிச்சா 0.034. அதை 131.25-ஆல பெருக்கினா 4.46. நாலரை பர்சென்ட்னு வெச்சுக்கலாம். அவ்வளவுதான். இந்த 131.25 என்பது பல சாதாரண பீர்களுக்கு ஒத்துவர்ற ஒரு தோராய எண். ரொம்ப ஸ்ட்ராங்கான பீருக்கு இது கொஞ்சம் குறைச்சுக் காட்டும். வீட்டுக்கு இது போதும்.

இங்கேதான் நான் சொல்ல வந்த விஷயம் இருக்கு. கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க, இந்தக் கண்ணாடி ஆல்கஹாலை அளக்கவே இல்லை! காணாமப் போனதைத்தான் அளந்திருக்கு. என் 23 லிட்டர்ல முக்கால் கிலோவுக்கு மேல கரியமில வாயுவா வெளிய பறந்துடுச்சு. கன அளவாப் பார்த்தா 400 லிட்டருக்கு மேல, ரெண்டு பெரிய டிரம் காத்து. அந்த இழப்பை வெச்சுத்தான் உள்ளே எவ்வளவு ஆல்கஹால் பிறந்திருக்கும்னு நாம ஊகிக்கறோம். முதல் அளவு கையில இல்லைன்னா கடைசி அளவு வெறும் எண். 1.033-ல ஆரம்பிச்ச பீரும் 1.010-ல வந்து நிக்கலாம், அது மூணு பர்சென்ட். 1.063-ல ஆரம்பிச்ச பீரும் அதே 1.010-ல வந்து நிக்கலாம், அது ஏழு பர்சென்ட். ரெண்டுலயும் கண்ணாடி ஒரே கோட்டுலதான் நிக்கும்.

காரணம் எளிசு. பீர்ல ஈஸ்ட்டால திங்க முடியாத சர்க்கரை கொஞ்சம் மிஞ்சும். அது தண்ணியைக் கெட்டியாக்கும். ஆல்கஹால் தண்ணியை விட லேசு, அடர்த்தி 0.789, அது நீர்க்க வைக்கும். ஒண்ணு மேல தூக்குது, ஒண்ணு கீழே இறக்குது. ரெண்டும் சேர்ந்து ஒரே ஒரு எண்ணா வெளிய வருது. பத்தாம் வகுப்புக் கணக்கு வாத்தியார் பாஷையில சொன்னா, தெரியாத எண் ரெண்டு, சமன்பாடு ஒண்ணு. விடை வராது. அதனால கடையில வாங்கின பீர்ல இதைப் போட்டு எத்தனை பர்சென்ட்னு கண்டுபிடிக்கவே முடியாது. சோதனைக்கூடத்துல வேணும்னா பீரைக் காய்ச்சி வடிச்சு, சர்க்கரையை அடியில விட்டுட்டு, வந்த ஆவித் தண்ணியோட பழைய அளவுக்குத் தண்ணி சேர்த்து, அதுல அடர்த்தி பார்ப்பாங்க. சர்க்கரை போயிட்டதால மிச்சம் தெரியாத எண் ஒண்ணுதான். அப்போ விடை வரும்.

செய்முறையில சின்னச் சின்ன நுணுக்கங்கள் உண்டு. சொல்லிடறேன்.

புளிச்ச பீர்ல காத்துக் குமிழ் நிறைய இருக்கும். அது கண்ணாடியில ஒட்டிக்கிட்டு, லைஃப் ஜாக்கெட் மாதிரி மேல தூக்கிடும். இங்கே வெள்ளைக்கார நண்பர்கள் இதுக்காக சாம்பிளை ரொம்ப நேரம் கலக்கிக்கிட்டு இருப்பாங்க. நமக்கு அந்தக் கவலையே இல்லை. ரெண்டு டம்ளர் எடுத்து, டீ ஆத்தற மாதிரி நாலு ஆத்து. காத்து போயே போச்சு. லீட்ஸ்ல இந்த வித்தையை நான் நாலு பேருக்குக் கத்துக் கொடுத்திருக்கேன் :) அப்புறமும் கண்ணாடியை இறக்கினதும் ரெண்டு விரலால லேசா சுழட்டி விடணும். ஒட்டின குமிழ் உதிரும்.

தண்டு ஓரத்துல திரவம் கொஞ்சம் மேலே ஏறி நிக்கும். அந்த மேட்டைப் படிக்கக் கூடாது. கண்ணை மட்டத்துக்குக் கொண்டு வந்து தட்டையான பரப்பைப் படிக்கணும்.

அடுத்தது சூடு. இந்தக் கண்ணாடி 20 டிகிரிக்குத் தயாரிச்சது. 40 டிகிரி சூட்டுல பச்சைத் தண்ணியே 0.994-தான் காட்டும். ஆறு புள்ளி காலி. கொதிச்ச வோர்ட்டை ஆறவிடாம அளந்தா சர்க்கரை குறைவா இருக்கிற மாதிரி தெரியும், கடைசியில பர்சென்ட்டும் குறைவா வரும். புதுசா வாங்கினதும் முதல் வேலையா 20 டிகிரித் தண்ணியில போட்டு 1.000 வருதான்னு பார்த்துடணும். வரலைன்னா எத்தனை புள்ளி வித்தியாசம்னு டப்பா மேலயே எழுதி வெச்சுக்கணும்.

அளந்த சாம்பிளைத் திருப்பி வாளியில ஊத்தக் கூடாது, கிருமி போயிடும். கீழேயும் கொட்டக் கூடாது, பாவம். குடிச்சுப் பார்க்கணும். முதல் நாள் சர்க்கரைப் பாகு, அஞ்சாம் நாள் பழைய சோத்துத் தண்ணி, பதினாலாம் நாள் பீர். எண் இறங்கறதை நாக்கும் சொல்லும்.

எல்லாத்தையும் விட முக்கியமானது இது. 'புளுக்' நின்னுடுச்சேன்னு பாட்டில்ல அடைக்கக் கூடாது. ரெண்டு மூணு நாள் இடைவெளியில அளந்து, அதே எண் மாறாம நிக்குதான்னு பார்க்கணும். எண் இன்னும் இறங்கிக்கிட்டு இருந்தா ஈஸ்ட் இன்னும் தின்னுக்கிட்டு இருக்குன்னு அர்த்தம். நாலு புள்ளி மிச்சம் இருக்கறப்பவே அடைச்சா பாட்டிலுக்குள்ள வாயு ஏறக்குறைய ரெண்டு மடங்காயிடும். கண்ணாடி பாட்டில் வெடிச்சா அது பட்டாசு இல்லை, சில்லு சில்லா சுவத்துல குத்தி நிக்கும். பர்சென்ட் தெரிஞ்சுக்க ஆசை இல்லாதவங்களும் இந்தக் கண்ணாடியை வாங்கி வெச்சுக்கணும்னு நான் சொல்றது இதனாலதான்.

கொஞ்சம் சரித்திரம். போரடிச்சா ஒரு பத்தி தாண்டிக்குங்க. 1770 வாக்கில் ஹாம்ப்ஷயர்ல ஆல்டன்கிற ஊர்ல ஜேம்ஸ் பேவர்ஸ்டாக்னு ஒரு மதுவடிப்பாளர் இந்தக் கண்ணாடியைப் பயன்படுத்திப் பார்த்தார். அவர் அப்பாவுக்கு இந்தப் புது வேலையெல்லாம் பிடிக்காததால மறைச்சு மறைச்சுத்தான் செய்ய வேண்டியிருந்ததாம். அப்புறம் எங்க யார்க்‌ஷயர் பக்கம், ஹல் துறைமுகத்துல ஜான் ரிச்சர்ட்சன். 1784-ல இதைப் பத்தி ஒரு புத்தகமே போட்டார். அதுவரைக்கும் லண்டன் போர்ட்டர் பீரெல்லாம் விலை குறைவான பழுப்பு மால்ட்டுல செஞ்சாங்க. கண்ணாடியை இறக்கிப் பார்த்தா, விலை கூடின வெளிர் மால்ட்டுல இருந்துதான் சர்க்கரை அதிகமா இறங்குது. மூட்டை விலை குறைவு, ஆனா சர்க்கரை விலையாப் பார்த்தா பழுப்பு மால்ட்டுதான் நட்டம். அதுக்கப்புறம் போர்ட்டரோட சேர்மானமே மாறிப் போச்சு. ஒரு கண்ணாடிக் குழாய் ஒரு நாட்டோட பீரையே மாத்தின கதை இது.

அடுத்து வந்தது அரசாங்கம். வரி போட வாய்ப்பு இருந்தா விடுவாங்களா? 1880-ல கிளாட்ஸ்டன் மால்ட் வரியை எடுத்துட்டு, ஈஸ்ட் வேலை செய்யறதுக்கு முன்னாடி இருக்கிற முதல் அளவை வெச்சு பீருக்கு வரி போட்டார். 1993 வரைக்கும் இங்கே பீர் வரி அந்த முதல் அளவுலதான் ஓடுச்சு. அப்புறம்தான் கடைசியா பாட்டில்ல இருக்கிற பர்சென்ட்டுக்கு மாறுச்சு.

பீருக்கு மட்டும் இல்லை, பிராந்தி, ரம்முக்கும் ஒரு கண்ணாடி உண்டு. சைக்ஸ் ஹைட்ரோமீட்டர், 1816-ல பிரிட்டன்ல சட்டமாவே கொண்டு வந்தாங்க. அந்தக் கணக்குல 100 டிகிரி 'ப்ரூஃப்' என்பது சுமார் 57.1 பர்சென்ட். இதை ஏன் சொல்றேன்னா, நம்ம ஊர் ரம், பிராந்தி பாட்டில்ல 42.8-னு ஒரு விசித்திரமான எண் போட்டிருக்கும், கவனிச்சிருக்கீங்களா? நாப்பது, நாப்பத்தஞ்சுன்னு முழுசா போடாம ஏன் 42.8? 57.1-ல முக்கால் பங்கு. 75 டிகிரி ப்ரூஃப். வெள்ளைக்காரன் போயும் அவன் கண்ணாடி போகலை.

இனி வீட்டுக் கதை.

2024 செப்டம்பர்ல அம்மா முதல் தடவையா இங்கே வந்தாங்க. எங்க ஊர் விருத்தாசலம் பக்கம். அந்த ஜூன்ல கள்ளக்குறிச்சியில மெத்தனால் கலந்த சாராயம் குடிச்சு அறுபது பேருக்கு மேல செத்துப் போனது உங்களுக்கெல்லாம் ஞாபகம் இருக்கும். அம்மாவுக்கு அது டிவி செய்தி இல்லை, பக்கத்து ஊர் சாவு. வந்த மூணாம் நாள், மாடிப்படிக்குக் கீழே இருக்கிற அலமாரியில துடைப்பம் தேடப் போனவங்க அப்படியே நின்னுட்டாங்க.

"என்னாடா இது, சத்தம் போடுது?"

"பீரும்மா. நானே பண்றேன்."

"காய்ச்சுறியா?"

அந்த ஒரு வார்த்தை. பாலைக் காய்ச்சினா கிரகப்பிரவேசம். இதைக் காய்ச்சினா போலீஸ் கேஸ். "இல்லம்மா, காய்ச்சி வடிக்கிறது இல்ல, சும்மா ஊற வெக்கிறது"ன்னு சொன்னேன். "ஊறல் போட்டிருக்கேன்னு சொல்லு"ன்னாங்க. சாராய ஊறல் அழிப்புன்னு தினம் பேப்பர்ல வர்ற அதே ஊறல். தங்கமணி அடுப்படியில இருந்து சிரிச்சதை நான் மறக்க மாட்டேன்.

ஆனா அம்மா சிரிக்கலை. ரெண்டு நாள் சரியா பேசவும் இல்லை. காரணம் கள்ளக்குறிச்சி மட்டும் இல்லை. எங்க அப்பா குடிச்சுத்தான் போனார். கல்லீரல். எங்க வீட்டுல ரெண்டு கறவை மாடு இருந்துச்சு. காலையும் சாயந்திரமும் சொசைட்டிக்குப் பால் ஊத்தி எங்களைப் படிக்க வெச்சது அம்மா. அந்தக் காசு அப்பா கைக்குப் போனா எங்கே போகும்னு தெருவுக்கே தெரியும். கேட்டா அவர் சொல்றது ஒண்ணுதான், "அளவாத்தான் குடிக்கிறேன்."

ஞாயித்துக்கிழமை கடைசி அளவு பார்க்கற நாள். மறைச்சு செய்யப் பிடிக்கலை. "அம்மா, வந்து பாரு"ன்னு கூப்பிட்டேன். வந்தாங்க. ரெண்டு டம்ளர்ல ஆத்தினதைப் பார்த்தாங்க. கண்ணாடியை வெளிய எடுத்ததும் முகம் மாறுச்சு.

"இது நம்ம சொசைட்டி லாட்டாமீட்டராச்சே!"

"அதேதாம்மா. கோடுதான் வேற."

வாங்கி வெளிச்சத்துல திருப்பித் திருப்பிப் பார்த்தாங்க. ஜாடியில அவங்களே இறக்கினாங்க. நான் சொல்லிக் கொடுக்காமலே விரலால சுழட்டி விட்டாங்க. நின்னதும் குனிஞ்சு பார்த்துட்டு, "ரெண்டு கோட்டுக்கு நடுவுல நிக்குது"ன்னாங்க. 1.011. நான் முதல் அளவையும் இந்தக் கழித்தல் கணக்கையும் சொன்னேன். கேட்டுட்டு அவங்க சொன்னதுதான் எனக்கு ஆச்சரியம்.

"இந்தக் கண்ணாடியை ஏமாத்தலாம்டா. பாலைக் கடைஞ்சு வெண்ணெயை எடுத்துட்டா பால் கெட்டியாக் காட்டும். அப்புறம் அளவாத் தண்ணி ஊத்தினா பழைய கோட்டுலயே வந்து நிக்கும். எங்க சொசைட்டியில ஒருத்தன் ரெண்டு வருஷம் அப்படித்தான் ஊத்தினான். கொழுப்பும் பார்க்க ஆரம்பிச்சப்புறம்தான் மாட்டினான்."

நான் மேல பத்தி பத்தியா எழுதின 'தெரியாத எண் ரெண்டு, சமன்பாடு ஒண்ணு' விவகாரத்தை அம்மா பால்ல வெச்சே முடிச்சுட்டாங்க. கொழுப்பு லேசு, தண்ணியும் பாலை விட லேசு. ஒண்ணை எடுத்து இன்னொண்ணை ஊத்தினா கண்ணாடிக்கு வித்தியாசம் தெரியாது.

அடுத்த கேள்வி நேரா வந்துச்சு. "அந்த மெத்தனால் இருந்தா இது காட்டிக் கொடுக்குமா?"

"காட்டாதும்மா."

உண்மை அதுதான். நாம குடிக்கிற எத்தனாலோட அடர்த்தி 0.789, ஆளைக் கொல்ற மெத்தனாலோட அடர்த்தி 0.792. இந்தக் கண்ணாடிக்கு ரெண்டும் அண்ணன் தம்பி. எவ்வளவுன்னு சொல்லும், எதுன்னு சொல்லாது. சாராய பாக்கெட்டுல ஹைட்ரோமீட்டரைப் போட்டுப் பார்த்துட்டு நல்லதுன்னு யாராவது சொன்னா, அது சாவுக்குக் கொடுக்கற சர்ட்டிஃபிகேட்.

"அப்புறம் எதை நம்பிடா குடிக்கிற?"

சொன்னேன். கள்ளக்குறிச்சியில ஆளைக் கொன்னது ஊறல்ல தானா உண்டான மெத்தனால் இல்லை, தொழிற்சாலைக்குன்னு இருக்கிற மெத்தனாலைக் கொண்டு வந்து கலந்தது. பழத்தோல்ல இருக்கிற பெக்டின்ல இருந்து துளி மெத்தனால் வரும். பார்லியில அது ரொம்பக் குறைச்சல், வடிச்சு இறுக்கறதும் இல்லை. ஆனா இதெல்லாம் கண்ணாடி சொன்னதில்லை. பார்லி மூட்டையைப் பிரிச்சதுல இருந்து மூடியைப் போட்டது வரைக்கும் என் கண்ணு முன்னாடி நடந்தது. என்ன போச்சு, என்ன வந்துச்சுன்னு ஆரம்பத்துல இருந்து கூடவே இருந்தவனுக்குத்தான் அந்தக் கடைசி எண்ணுக்கு அர்த்தம். நடுவுல வந்து பார்க்கிறவனுக்கு இல்லை.

அம்மா கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம் என் நோட்டை வாங்கினாங்க. நான் ஒவ்வொரு தடவை செய்யறதையும் ஒரு நீளக் கோடு போட்ட நோட்டுல எழுதி வெப்பேன். தேதி, மால்ட் எடை, முதல் அளவு, கடைசி அளவு, பர்சென்ட், எத்தனை பாட்டில். விரலை வெச்சு ஒவ்வொரு வரியாப் படிச்சாங்க.

"நாப்பத்திரண்டு பாட்டில்னு போட்டிருக்க. இப்ப எத்தனை இருக்கு?"

"பதினேழோ என்னமோ. நண்பர்கள் வந்தாங்க..."

"யாரு எத்தனை குடிச்சாங்கன்னு எங்க எழுதியிருக்க?"

பீர் செய்யற யார் நோட்டுலயும் அப்படி ஒரு கட்டம் கிடையாது. எந்தப் புத்தகத்துலயும் நான் பார்த்ததில்லை. வாளிக்கு ஓ.ஜி., எஃப்.ஜி. எல்லாம் உண்டு, குடிக்கிறவனுக்குக் கிடையாது.

"உங்கப்பா எத்தனை குடிச்சார்னு எனக்கு ஒரு நாளும் தெரியாதுடா"ன்னாங்க. குரல் உயரவே இல்லை. "பால் மட்டும் மில்லி பிசகாம அளந்து ஊத்தினேன். அவரு அளவுன்னார், நானும் அளவுன்னு நெனச்சேன். எங்க ஆரம்பிச்சதுன்னு எழுதி வெச்சிருந்தா, எங்க வந்து நிக்குதுன்னு தெரிஞ்சிருக்கும்."

அன்னைக்கே அம்மா கையால ஸ்கேல் வெச்சு ஒரு கட்டம் போட்டாங்க. தேதி, நான் குடிச்சது, வந்தவங்க குடிச்சது. நாலு மாசம் இருந்துட்டு ஊருக்குக் கிளம்பறப்போ அதுல பெரும்பாலான வரிகள் அவங்க கையெழுத்து. பீரை அவங்க கடைசி வரைக்கும் வாய்ல வெக்கலை. அது அவங்க விருப்பம், நானும் கேக்கலை. ஆனா அந்த 'புளுக்' சத்தம் நின்னா முதல்ல கவனிச்சு, "டேய், நின்னுடுச்சு, அளந்து பாரு"ன்னு சொன்னது அவங்கதான்.

இப்போ அந்தக் கட்டத்தை நான் எப்படி நிரப்பறேன்னு சொல்லிடறேன், யாருக்காவது உதவும். பாட்டில்ல நுரை வரணும்னு அடைக்கும்போது கொஞ்சம் சர்க்கரை சேர்க்கறோம் இல்லையா, 23 லிட்டருக்கு 120 கிராம், அதுவும் ஆல்கஹாலாகும். சுமார் 0.3 பர்சென்ட். அதனால என் நாலரை பர்சென்ட் பீர் உண்மையில 4.8. பலர் இதைக் கணக்குல சேர்க்கறதில்லை. 500 மில்லி பாட்டிலுக்கு 24 மில்லி சுத்தமான ஆல்கஹால். இங்கே பத்து மில்லியை ஒரு 'யூனிட்'னு சொல்றாங்க, அப்போ ஒரு பாட்டில் 2.4 யூனிட். வாரத்துக்கு 14 யூனிட்டுக்கு மேல வேண்டாம்னு பிரிட்டன் மருத்துவ அதிகாரிகள் 2016-ல சொன்னது. ஆறு பாட்டில் குடிச்சா 14.4, கோட்டைத் தாண்டிடும். அதனால எனக்கு வாரத்துக்கு அஞ்சுதான் உச்சம். நோட்டுல பெரும்பாலும் ரெண்டு, மூணுன்னுதான் இருக்கு. வீட்டுக்கு வர்ற நண்பர்களுக்குப் பாட்டில் கழுத்துல பர்சென்ட்டும் யூனிட்டும் எழுதின அட்டை ஒண்ணு கட்டித் தொங்க விட்டிருக்கேன். கார் ஓட்டறவங்களுக்கு அந்த அட்டையெல்லாம் கிடையாது, மோர்தான். அதுல விவாதமே இல்லை.

ஞாயித்துக்கிழமை அம்மா போன் பண்ணுவாங்க. மாடு கன்னு போட்டது, மழை, பக்கத்து வீட்டுக் கல்யாணம் எல்லாம் பேசி முடிச்சுட்டு, வைக்கறதுக்கு முன்னாடி "இந்த வாரம் எத்தனை?"ன்னு ஒரு கேள்வி. நோட்டைப் பார்த்துத்தான் பதில் சொல்றேன். மனசுல இருந்து சொல்ற எண்ணை அவங்க ஏத்துக்க மாட்டாங்க.

பதிவு நீண்டுடுச்சு, மன்னிக்கவும். உங்க வீட்டுலயோ தொழில்லயோ இந்த மாதிரி மிதக்கிற கண்ணாடி ஏதாவது இருக்கா? உப்பளம், பேட்டரிக் கடை, பால் சொசைட்டி, கரும்புச்சாறு, எதுவா இருந்தாலும் பின்னூட்டத்துல சொல்லுங்க. அதை ஏமாத்தற வித்தை தெரிஞ்சா அதையும் சொல்லுங்க. அம்மாகிட்ட படிச்சுக் காட்டணும் :)